படிக்கட்டில் ஒரு கோடு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வயர்காரர் அந்த மூன்று மாடி அலுவலகத்தின் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தியபோது, காவலாளி கேட்டைத் திறக்காமல் முதலில் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மத்த ஆளுங்க எங்க சார்?"

"எந்த ஆளுங்க?"

"கட்டடம் பூரா வைஃபை போட வர்றாங்கன்னு சொன்னாங்க. ஒரு வேன் வரும்னு பார்த்தேன்."

"வேன்தான். கொஞ்சம் இளைச்சுப்போச்சு" என்று வயர்காரர் தன் தொந்தியைத் தட்டிக் காட்டினார்.

காவலாளி சிரிக்கவில்லை. நாளின் முதல் ஜோக்கை வீணாக்கிவிட்டோமே என்று வயர்காரருக்கு வருத்தம். இப்போதெல்லாம் அவர் கையில் இருப்பு அதிகம், கேட்க ஆள்தான் இல்லை.

வயர் இல்லாத இணைப்பு கொடுக்கும் மனிதருக்கு எப்படி வயர்காரர் என்று பெயர் வந்தது என்றால், "வயர்லெஸ்தானே, அப்புறம் எதுக்கு இத்தனை வயரு?" என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் யாராவது ஒருவர் கண்டுபிடித்துக் கேட்பார். இருபது வருடமாகக் கேட்கிறார்கள். கேட்பவர் ஒவ்வொருவரும் தாம்தான் முதலில் கண்டுபிடித்ததாக நினைப்பதால், வயர்காரரும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரித்துவைப்பார்.

"உள்ள சுவிட்சைத் தேடாதீங்க" என்றார் காவலாளி, சாவியைக் கொடுத்தபடி. "ஆள் அசைஞ்சா லைட்டு தானா எரியும். அஞ்சு நிமிஷம் அசையலன்னா அணைஞ்சிரும். குழாயும் அப்படித்தான், கையை நீட்டுனா தண்ணி வரும். படிக்கட்டுல ஜன்னல் கிடையாது, பார்த்துப் போங்க."

உள்ளே புதுத் தரைவிரிப்பின் பசை வாடை. நாற்காலிகள் இன்னும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல், மேஜைக்கு இரண்டாக வரிசைகட்டி நின்றன. நாளைக் காலை ஒன்பது மணிக்கு இருநூறு பேர் வந்து அவற்றில் உட்காரப் போகிறார்கள். இன்றைக்கு அந்தக் கட்டடத்தில் மூச்சு விடுகிறவர் ஒருவர்தான். அவர் நடக்க நடக்க, தலைக்கு மேல் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. நின்று திரும்பிப் பார்த்தால், வந்த வழியில் அவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கும் என்று தோன்றியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கேபிள் இழுக்கும் ஆட்கள் வெள்ளிக்கிழமையே வேலையை முடித்திருந்தார்கள். மாடிக்கு நான்காக, மொத்தம் பதினாறு வெள்ளைப் பெட்டிகள் கவிழ்த்துவைத்த தட்டுகளைப் போலக் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தன. தரைத்தளத்தில் ஒன்று முதல் நான்கு, மூன்றாவது மாடியில் பதின்மூன்று முதல் பதினாறு. முன்பெல்லாம் ஒவ்வொரு பெட்டியும் தனி ராஜா. ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது. இப்போது எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஆளலாம். கன்ட்ரோலர் என்ற மென்பொருள் அவருடைய பழைய மடிக்கணினியில் இருந்தது. எந்தப் பெட்டியை எந்த ஃபோன் பிடித்திருக்கிறது, எவ்வளவு நேரமாக, எவ்வளவு பலமாக என்று அது வரிசையாகக் காட்டும். ஒருவர் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நடந்தால், இந்தப் பெட்டி அவரை அடுத்த பெட்டியின் கையில் பத்திரமாக ஒப்படைக்க வேண்டும். நடுவில் நழுவவிடக் கூடாது. வேலையே அவ்வளவுதான்.

அது சரியாக நடக்கிறதா என்று பார்க்க, ஒருவர் கணினி முன்னால் உட்கார வேண்டும். இன்னொருவர் நடக்க வேண்டும்.

நடப்பது அவர் மனைவியின் வேலை.

பத்தொன்பது வருடம், எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனையோ காலிக் கட்டடங்களில் அவள் நடந்தாள். எப்போதும் மேல்மாடியில் தொடங்குவாள். வலதுகைச் சுவரை ஒட்டியே போவாள். ஒவ்வொரு இடத்திலும் நின்று, மனசுக்குள் இருபது எண்ணி, கத்துவாள். "கூட்ட அறை! மூணு கோடு!" நான்கு கோடு என்றால் நிறைவு. ஒன்று என்றால் அங்கே கோளாறு. ஒவ்வொரு மாடியிலும் கடைசியாகக் கழிப்பறை. "ஆபீஸ்ல சிக்னல் எங்க வேணுமோ இல்லையோ, இங்க வேணும்" என்பாள். படியேறும்போது வாயில் ஒரு புதினா மிட்டாய் போட்டுக்கொள்வாள். கன்ட்ரோலரில் அவள் ஃபோனுக்கு அவர் வைத்திருந்த பெயர்: மேலதிகாரி.

அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அதன்பிறகு வயர்காரர் ஒற்றைப் பெட்டி வேலையாகத்தான் பார்த்து எடுத்தார். கடை, சின்ன வீடு. அதற்கெல்லாம் யாரும் நடக்கத் தேவையில்லை. இந்த வேலையை ஏன் ஒப்புக்கொண்டார் என்றால், வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நீளமாக இருந்தது.

தரைத்தளத்தின் உள்ளறையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தார். பதினாறு பெட்டிகளும் ஒவ்வொன்றாகக் கையைத் தூக்கின. அப்போது அலுவலக மேலாளர் ஃபோனில் வந்தார்.

"எல்லாம் சரியா போகுதா? சோதனைக்குன்னு ஏதாவது போட்டீங்கன்னா, போகும்போது மறக்காம அழிச்சிடுங்க. போன இடத்துல ஒருத்தர் அப்படியே விட்டுட்டுப் போய்ப் பெரிய தலைவலி ஆயிடுச்சு."

"அழிச்சுட்டுத்தான் சார் கதவைப் பூட்டுவேன்."

"தனியாவா இருக்கீங்க?"

"பழகிடுச்சு சார்" என்றார் வயர்காரர். அதில் ஜோக் எதுவும் இல்லாததை அவரே கவனித்தார்.

சோதனை இணைப்புக்கு அவர் எல்லா இடத்திலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்தான் வைப்பார். சோம்பேறித்தனம். அதில் இணையம் வராது, வெறும் சிக்னல் அளக்க மட்டும். ஒரே பெயரை வைத்தால் ஒரு வசதி உண்டு. ஒருமுறை அதில் சேர்ந்த ஃபோன், அந்தப் பெயர் எங்கே கேட்டாலும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

விரல்கள் பழக்கத்தில் அந்தப் பெயரைத் தட்டின. பதினாறு பெட்டிகளும் ஒரே நேரத்தில் அதைக் கட்டடம் முழுக்கச் சொல்லத் தொடங்கின.

பட்டியலில் முதல் வரி வந்தது. அவருடைய ஃபோன், பெட்டி ஒன்று.

நடக்கலாம் என்று எழுந்தார். நடந்துவிட்டு வந்து பட்டியலைப் பார்க்க வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். ஒரே ஆள் பந்தைப் போட்டு, ஓடிப்போய் அவரே அடிப்பதைப் போல. சிரித்துக்கொண்டே திரையை இன்னொரு முறை பார்த்தார்.

இரண்டாவது வரி வந்திருந்தது.

மேலதிகாரி. பெட்டி பதினாறு.

மூன்றாவது மாடி, கடைசி அறை.

வயர்காரர் உட்கார்ந்தார். "மென்பொருள் கெட்டுப்போச்சு" என்று வாய்விட்டுச் சொன்னார். மடிக்கணினி பழசு, அதன் நினைவில் பழைய வரி ஏதோ மாட்டிக்கொண்டிருக்கும். அவள் ஃபோன் வீட்டில், அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. அணைத்து வைத்ததுதான். பதினான்கு மாதமாக அவர் அதை உயிர்ப்பிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

கணினியை அணைத்து மறுபடி போட்டார். பெட்டிகள் வந்தன. அவர் ஃபோன் வந்தது.

மேலதிகாரி வந்தாள். பெட்டி பதினாறு.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வரியின் ஓரத்தில் கடிகாரம் ஓடியது. பதினெட்டு நொடி, பத்தொன்பது, இருபது.

பெட்டி பதினைந்து.

மறுபடி இருபது எண்ணுகிற நேரம்.

பெட்டி பதினான்கு.

வலதுகைச் சுவரை ஒட்டி.

கட்டடம் அவ்வளவு நிசப்தமாக இருந்ததால்தான் அது கேட்டது. மேலே, மூன்றாவது மாடியில் எங்கேயோ ஒரு குழாய் திறந்துகொண்டது. தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடி, நின்றது. கழிப்பறை. யாரோ கையை நீட்டியிருக்கிறார்கள்.

வயர்காரர் காவலாளியை ஃபோனில் பிடித்தார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார்.

"அண்ணே, உள்ள வேற யாராவது வந்தாங்களா?"

"யாரு வருவா? கேட்டுல நான்தானே இருக்கேன்." பிறகு காவலாளியே கேட்டார்: "மூணாவது மாடில லைட்டு எரியுதே, நீங்க அங்க இல்லையா?"

"நான்தான்" என்றார் வயர்காரர். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. மனைவியைக் காட்டிக்கொடுப்பதைப் போல இருந்திருக்கலாம்.

கன்ட்ரோலரில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் அந்த ஃபோன் துண்டிக்கப்படும். அதை அழுத்தினார். பயத்தில் செய்ததுதான், அதற்காகப் பிறகு வெகுநாள் வெட்கப்பட்டார். வரி மறைந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

வரி திரும்பி வந்தது. பெட்டி பதின்மூன்று. படிக்கட்டை ஒட்டிய பெட்டி.

இனி இறங்குவாள். இரண்டாவது மாடியில் பெட்டி பன்னிரண்டு அவளை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் பன்னிரண்டைப் பார்த்துக் காத்திருந்தார்.

வாங்கிக்கொள்ளவில்லை.

சிக்னல் மட்டும் விழுந்தது. மூன்று கோடு, இரண்டு, ஒன்று. பிறகு அங்கேயே நின்றது. தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. சில ஃபோன்கள் பிடித்த பெட்டியை விடாது. எவ்வளவு தூரம் விலகினாலும், பக்கத்தில் நல்ல பெட்டி இருந்தாலும், பழையதிலேயே ஒற்றைக் கோட்டில் தொங்கிக்கொண்டு கிடக்கும். படிக்கட்டில் பெட்டி மாட்டவில்லை. அப்படியானால் அவள் படிக்கட்டில் இருக்கிறாள். மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில், திருப்பத்தில்.

அசையாமல்.

இரண்டு நிமிடம்.

இந்தத் திரையை அவர் ஏற்கனவே ஒருமுறை பார்த்திருக்கிறார்.

அது வேறு கட்டடம். அன்றைக்கு ஏறும் முன்னால், "மூச்சு ஒரு மாதிரி வாங்குதுங்க" என்றாள். "மேலதிகாரிக்கு வயசாகுது, லிஃப்ட் வச்ச ஆபீஸா பார்த்து வேலை எடுக்கணும்" என்றார் அவர். அவள் சிரித்துக்கொண்டேதான் ஏறினாள். மேல்மாடியை முடித்தாள். அதன்பிறகு கத்தல் நின்றது. பட்டியலில் அவள் வரி ஒற்றைக் கோட்டில் நின்றது. தங்கையோடு ஃபோனில் பேச உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தார். இருந்த இடத்திலிருந்தே தன் ஃபோனில் ஒரு செய்தி தட்டினார்: "மேலதிகாரி தூங்குறாங்களா?" பதில் வரவில்லை. டீ குடித்தார். பதினோரு நிமிடம் கழித்து, மேலே போய்ச் சொல்ல இன்னொரு ஜோக்கைத் தயார்செய்துகொண்டு படியேறினார்.

அந்த ஜோக் இன்னும் அவர் வாயிலேயே இருக்கிறது.

"கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா…" என்று மருத்துவர் ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் அனுப்பிய செய்தி அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. சோதனை இணைப்பில் இணையம் கிடையாதே. அதன் ஓரத்தில் ஒற்றை டிக் அப்படியே நின்றது. அன்றைக்கு அங்கேயே அணைத்த அந்த ஃபோனை உயிர்ப்பித்தால் அது போய்ச் சேர்ந்துவிடும். அவள் கடைசியாகப் படிப்பது அதுவாக இருக்கும். அதனால்தான் அலமாரி.

ஐந்து நிமிடம்.

காவலாளி அழைத்தார். "சார், மேல லைட்டு அணைஞ்சுபோச்சு. எறங்கிட்டீங்களா?"

வயர்காரர் அழைப்பைத் துண்டித்தார். அசைந்தால் எரியும். அசையாவிட்டால் அணையும். அங்கே இருப்பது அசைவதை நிறுத்திவிட்டது.

ஆறு நிமிடம்.

கதவைத் திறந்துகொண்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விடலாம். மேலாளர் திட்டுவார், திட்டட்டும். கால்கள் அதற்குத் தயாராகவே இருந்தன. மேலே இருப்பது அவள்தான் என்று யார் சொன்னது? பெயரைக் கூப்பிட்டோம், வந்தது. பெயருக்கு வந்தது எதுவாகவும் இருக்கலாம்.

ஏழு.

எட்டு.

எதுவாக இருந்தாலும், அது படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வயர்காரர் ஓடினார்.

ஐம்பத்தாறு வயது, அந்தத் தொந்தி, ஜன்னல் இல்லாத படிக்கட்டு. முதல் திருப்பத்தில் விளக்கு எரிந்தது. இரண்டாவதில் எரிந்தது. இரண்டாவது மாடியைத் தாண்டியபோது அவருக்கே மூச்சு ஒரு மாதிரி வாங்கியது. மேலே திருப்பம் இருட்டாக இருந்தது. கைப்பிடிக் கம்பி ஐஸாகச் சில்லிட்டது.

புதுப் பசை வாடைக்கு நடுவே, புதினா.

அவர் நின்றார்.

இருட்டுக்குள்ளிருந்து, மூச்சே இல்லாத குரலில், யாரோ சொன்னார்கள்.

"என்னங்க…"

அவர் முடியெல்லாம் நட்டுக்கொண்டது.

"…ஒரு கோடு."

இன்னும் ஏழு படி. அவற்றை அவர் எப்படி ஏறினார் என்று யாருக்கும் சொன்னதில்லை. ஆறாவது படியில் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. திருப்பத்தில் யாரும் இல்லை. வெறும் சிமெண்ட் தரை, சுவர், சுவரோரம் யாரோ சாய்ந்து உட்காரலாம் என்பதைப் போல ஒரு மூலை.

அந்த மூலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாவது நிமிடம்.

"வந்துட்டேன்மா" என்றார். மறுபடி சொன்னார். "வந்துட்டேன். கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

எதுவும் கேட்கவில்லை. இடது தோளில் மட்டும் குளிர், யாரோ ஈரத் துணியைச் சாய்த்துவைத்ததைப் போல. அவர் தோளை அசைக்கவில்லை. பதினோராவது நிமிடம் வந்தது. போனது. பன்னிரண்டு. கை, கால், கழுத்து எதையும் அசைக்காமல், விளக்குக் கம்பத்தைப் போல உட்கார்ந்திருந்தார்.

விளக்கு அணைந்தது.

இருட்டில் அவர் சொன்னார்: "கீழ இருக்கிற மாடியெல்லாம் வேண்டாம். நான் பார்த்துக்கறேன். வேலை முடிஞ்சுதும்மா. வா, வீட்டுக்குப் போலாம்."

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது அவ்வளவுதான். அதில் ஜோக் எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை.

அவர் அசையவில்லை. அதை அவர் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வார்.

விளக்கு எரிந்தது.

தோளில் குளிர் இல்லை. கீழே அடுத்த திருப்பத்தில் விளக்கு எரிந்தது. அதற்கும் கீழே இன்னொன்று. ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல், முழங்கால் வலிக்காரி இறங்குகிற வேகத்தில், வெளிச்சம் தரைத்தளம் வரை இறங்கிப் போனது.

அவர் கீழே வந்து பார்த்தபோது பட்டியலில் ஒரு வரிதான் இருந்தது. அவருடையது. மேலதிகாரி கடைசியாகப் பிடித்திருந்தது பெட்டி ஒன்று, வாசல் பக்கம்.

சோதனை இணைப்பை அழித்தார். அலுவலகத்தின் சொந்தப் பெயரைப் போட்டார். மூன்று மாடியும் தானே நடந்தார், வலதுகைச் சுவரை ஒட்டி, ஒவ்வொரு இடத்திலும் இருபது எண்ணி. கழிப்பறையில் நான்கு கோடு. படிக்கட்டுத் திருப்பத்தில் ஒன்றே ஒன்று. உதிரியாகக் கொண்டுவந்த பெட்டியை, ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும், அங்கே மாட்டினார்.

கேட்டில் காவலாளி சாவியை வாங்கிக்கொண்டார். "முகமெல்லாம் வேர்த்திருக்கே. ஒத்த ஆளா இதெல்லாம் கஷ்டம் சார்."

"ஆமா" என்றார் வயர்காரர். வேறெதுவும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியில் கையை விட்டார். ஃபோன் வைத்த இடத்திலேயே இருந்தது. திரை கறுப்பு. பொத்தானை அழுத்தினார், உயிர் இல்லை. பதினான்கு மாதத்தில் பேட்டரி என்றைக்கோ செத்திருக்கும்.

ஆனால் அது வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்ததைப் போல.

அதைத் திரும்பத் துணிகளுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்தினார். கட்டிலில் வந்து உட்கார்ந்தார், வலது பக்கம். பதினான்கு மாதமாக வலது பக்கம்தான். இடது பக்கத் தலையணையின் உறையை அவர் மாற்றவே இல்லை.

தன் ஃபோனை எடுத்துப் பழைய செய்தியைத் திறந்தார்.

மேலதிகாரி தூங்குறாங்களா?

ஓரத்தில் இரண்டு டிக்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை நீலமாயின.

அறையில் புதினா வாடை. முதுகுக்குப் பின்னால் மெத்தை லேசாக, ஒரு ஆள் அளவுக்கு, அமுங்கியது. வயர்காரர் திரும்பவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

ஃபோன் கையில் ஒருமுறை அதிர்ந்தது.

"கட்டில் எடது பக்கம். நாலு கோடு."